மாதம் 10 வெள்ளியில் தோட்டத்தை வாங்க வைத்த துன் சம்பந்தன்

ஜார்ஜ்டவுன் - செபராங் பிறையிலும் அண்டை மாநிலமான கெடாவிலும் பால்மரம் சீவி வளர்ந்த குடும்பங்களின் மூத்தவர்கள் தோட்டத் துண்டாடலை மறந்திருக்க மாட்டார்கள். 1950களில் மலாயா விடுதலையை நெருங்கியபோது வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனவர்களுக்கு லயத்து வீடும் போனது. தமிழ்ப்பள்ளியும் கோயிலும் கேள்விக்குறியாயின. கணவனும் மனைவியுமாகப் பால்மரம் வெட்டிய வீட்டில் இரண்டு கூலியும் ஒன்றாக நின்றன.

இதற்கு மாற்றுவழி காட்டியவர்களில் முதன்மையானவர் துன் வீ.தி. சம்பந்தன். பேராக், சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16இல் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய மகன், 1955இல் ம.இ.கா. தலைவரானார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணித் துறைகளின் அமைச்சராகவும் இருந்தார்.

புதிதாக வந்த ஒருவர் தனியாகத் தோட்டம் வாங்க முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தால் ஏன் முடியாது? இந்தக் கணக்கில்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். அன்றைய தோட்டக் கூலியில் அது சிறு தொகையல்ல. பல நாள் உழைப்பு. பால் வெட்டும் பெண்ணும் தன் பெயரிலேயே பங்கு எடுக்கலாம்.

பணத்தைத் திரட்டுவதைவிட நம்பிக்கையைத் திரட்டுவதே கடினமாக இருந்தது. அமைச்சராக இருந்தபோதே சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். பங்கு என்றால் என்ன, லாப ஈவு எப்படி வரும், தோட்டம் துண்டாகாமல் இருந்தால் வேலையும் வீடும் எப்படி நிலைக்கும் என்று தொழிலாளர்களுக்கு விளக்கினார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. மரம் வெட்டியவர்களே அந்த மண்ணின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

துண்டாடல் முழுதும் நின்றுவிடவில்லை. சங்கம் வாங்கியதைவிடக் கைமாறிய தோட்டங்களே அதிகம். 1969இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத பலர் வேலையிழந்து இந்தியா திரும்பினார்கள். பங்கு எடுக்க வசதியில்லாத குடும்பங்களும் இருந்தன. ஆனாலும் தோட்டத் தமிழர் கூலிக்காரராகவே இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சங்கம் கண்ணெதிரே காட்டியது.

1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய பின்னும் சங்கப் பணியை அவர் விடவில்லை. 1979 மே 18இல் அவர் மறைந்தபோது, சங்கத்தில் 80,000க்கும் அதிகமான உறுப்பினர்கள் இருந்தார்கள். 15க்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதன் கையில் இருந்தன.

அந்தத் தோட்டப் பெண்களின் பேத்திகள் இன்று பட்டர்வொர்த்திலும் பிறையிலும் பலகாரம், தையல், அழகு நிலையம் என்று சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள். அமானா இக்தியார், தெக்குன் போன்ற அமைப்புகளில் கடனும் கிடைக்கிறது. ஆனால் கடன் மட்டும் போதாது. கணக்கைப் புரியும்படி சொல்லித் தருபவரும், கூடவே சேமிக்கும் நாலு பேரும் வேண்டும். சம்பந்தன் லயம் லயமாக நடந்து தேடித் தந்தவை இவ்விரண்டும்தான்.