கையைப் பிடித்துக் கற்பித்த ஆசிரியை
ஆனி சல்லிவன் அம்மையார்



ஹெலன் கெல்லர் என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் சிலரே. கண்ணும் காதும் பயன்படாத நிலையிலும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, நூல்கள் எழுதி, உலகைச் சுற்றி வந்த பெருமாட்டி அவர். 1955ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து சென்றார். ஆயினும், அவருக்குக் கரண்டி பிடிக்கவும் துணி மடிக்கவும் கற்றுக்கொடுத்தவர் யார் என்று வினவினால் பலரும் விழிப்பர். அந்த ஆசிரியையின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றேன்.

ஆனி சல்லிவன் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீடிங் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வறுமையின் காரணமாக அயர்லாந்தை விட்டுக் கப்பலேறி வந்த எளிய மக்கள். எழுதப் படிக்க அறியாதவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் துன்பம் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. ஆனிக்கு ஐந்து வயதளவில் டிரக்கோமா என்னும் கண்நோய் பற்றியது. இமைகளைப் புண்ணாக்கிப் பார்வையைச் சிறிது சிறிதாக மறைக்கும் கொடிய நோய் அது. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையோ குடிக்கு அடிமையாகிப் பிள்ளைகளைக் கைவிட்டார்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஏறத்தாழப் பார்வையற்ற ஆனியும், இடுப்பெலும்பு நோயால் ஊன்றுகோல் பிடித்து நடந்த அவருடைய தம்பி ஜிம்மியும் டூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த அரசினர் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். முதியோர், நோயாளிகள், மனநலம் குன்றியோர் என எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்த இடம் அது. சில திங்களுக்குள் ஜிம்மி அங்கேயே இறந்தான். அந்த இழப்பை ஆனி தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அவ்விடுதியில் அவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். கண் தெரியாத பிள்ளைகளுக்கெனப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைவே இல்லை. 1880ஆம் ஆண்டில் விடுதியைப் பார்வையிடப் பிராங்க் சான்பார்ன் என்னும் அதிகாரி தம் குழுவினருடன் வந்தார். அவர் முகத்தைக்கூடச் சரியாகக் காண இயலாத அச்சிறுமி, அவர்களின் காலடியோசையைத் தொடர்ந்து சென்று, இறுதியில் அக்கூட்டத்தினிடையே பாய்ந்து, தாம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கதறினார். அவ்வாண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 14. தம் பெயரைக்கூட எழுத அறியார். உடன் பயின்ற செல்வர் வீட்டுப் பெண்கள் எள்ளி நகையாடினர். ஆனியும் பொறுமையே வடிவானவர் அல்லர். முன்கோபமும் எதிர்த்துப் பேசும் குணமும் உடையவர். எனினும் ஆறே ஆண்டுகளில், 1886ஆம் ஆண்டில், தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறி வெளிவந்தார். இடையில் நடந்த அறுவை மருத்துவத்தால் அவருடைய பார்வையும் ஓரளவு மீண்டது.

பெர்க்கின்ஸ் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் மூதாட்டி வாழ்ந்து வந்தார். கண்ணும் காதும் இழந்த அவருக்கு, அப்பள்ளியை நடத்திய டாக்டர் ஹௌ என்பார் 1837ஆம் ஆண்டு முதல் கல்வி புகட்டினார். கரண்டி, கத்தி, சாவி முதலிய பொருள்களின்மேல் மேடெழுத்தில் பெயரை ஒட்டி, பொருளையும் பெயரையும் மாறி மாறித் தடவச் செய்வதே அவர் கையாண்ட முறை. லாரா அம்மையாரிடம் பேச வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய விரல் வடிவை அவர் உள்ளங்கையில் அழுத்திக் காட்ட வேண்டும். ஆனி அந்த விரலெழுத்தைப் பழகிக்கொண்டார். பிற்காலத்தில் அதுவே தம் கைக்கருவியாகும் என்று அப்போது அவர் எண்ணியிருக்கமாட்டார்.

தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் ஊரில் கேப்டன் கெல்லர் என்பார் வாழ்ந்தார். அவருடைய மகள் ஹெலன் 19 திங்கள் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலுற்றுப் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தாள். அவளுக்கு ஆசிரியை வேண்டுமெனப் பெற்றோர் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுத, 20 வயது ஆனி 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அவ்வூர் சென்று சேர்ந்தார்.

ஹெலனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அறிவில் குறைவில்லை, தான் விரும்புவதைத் தானே அமைத்துக்கொண்ட சைகைகளால் காட்டுவாள். ஆனால் பெற்றோர் இரக்கத்தால் அவளை ஒன்றும் சொல்வதில்லை. உணவு மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவர் தட்டிலும் கைவிட்டு, வேண்டியதை அள்ளித் தின்பாள். தடுத்தால் தரையில் விழுந்து உதைப்பாள். தாயை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதும் உண்டு. புது ஆசிரியையையும் அறையில் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டாள். தந்தை ஏணி வைத்து அவரைக் கீழே இறக்க நேர்ந்தது. ஒரு முறை அவள் அடித்த அடியில் ஆனியின் பல் ஒன்று விழுந்தது.

ஒரு நாள் காலையுணவின்போது ஹெலன் தம் தட்டில் கைவிடுவதை ஆனி தடுத்தார். குடும்பத்தார் மனங்கலங்கி வெளியேறினர். ஆனி கதவைத் தாழிட்டார். குழந்தை உருண்டு புரண்டாள்; நாற்காலியை இழுத்தாள்; கிள்ளினாள். ஆசிரியை கரண்டியை அவள் கையில் வைப்பார். அவள் அதை வீசி எறிவாள். அவளைக் கொண்டே அதை எடுக்கச் செய்து, கையைப் பிடித்து உணவை வாய்க்குக் கொண்டுபோவார். நெடுநேரத்துக்குப் பிறகு அவள் கரண்டியால் உண்டாள். பிறகு மார்பில் செருகியிருந்த துணியை மடிப்பதற்காக மீண்டும் ஒரு மணி நேரப் போராட்டம். அது முடிந்தபின் ஆனி தம் அறைக்குச் சென்று படுக்கையில் விழுந்து அழுதார்.

இக்காலத்து ஆசிரியர் கதவைத் தாழிட்டுக் குழந்தையோடு மல்லுக்கட்டுவதை நாம் ஒப்பமாட்டோம். ஆனாலும், அன்று அவர் கண்ட உண்மையை மறுப்பதற்கில்லை. அவ்வீட்டில் அனைவரும் அன்புடையவர்கள்தாம். அந்த அன்பே குழந்தையின் கையிலிருந்து கரண்டியைப் பறித்திருந்தது. குறையுள்ள பிள்ளை என்று ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டு, மூலையில் அமர்த்தி வைப்பது நம் இல்லங்களிலும் நடந்ததுதானே?

வீட்டில் இருந்தால் அழுகை கேட்டுப் பெற்றோர் ஓடிவருவர் என்பதறிந்த ஆனி, தோட்டத்தை அடுத்திருந்த சிறு வீட்டில் குழந்தையோடு தனித்திருக்க இசைவு பெற்றார். வண்டியில் சுற்றி அழைத்துச் சென்று, புதிய இடத்துக்கு வந்ததாக ஹெலன் எண்ணும்படி செய்தனர். அங்கு ஏறத்தாழ இரு வாரங்கள் இருந்தனர். உடுத்துவதும் உண்பதும் ஒழுங்குக்கு வந்தன. பாசிமணிகளை நூலில் கோக்கவும், கம்பளி நூலைக் கொக்கி ஊசியால் பின்னவும் ஹெலன் பழகினாள். சிவப்புக் கம்பளி நூலில் அவள் பின்னிய சங்கிலி அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவரை எட்டும் நீளமாயிற்று. அது முடிந்ததும் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு, அச்சங்கிலியைக் கன்னத்தோடு ஒற்றிக்கொண்டாளாம். தன் கையால் ஒரு பொருளை முடித்த களிப்பு அது. இடையில் தந்தை அவளுடைய நாயை அழைத்து வந்தார். ஹெலன் அதன் காலைப் பிடித்து நகங்களை அழுத்திக்கொண்டிருந்தாள். என்னவென்று பார்த்தால், பொம்மை என்னும் சொல்லை நாய்க்கு விரலெழுத்தில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம்!

இத்தனைக்கும் அச்சொற்களின் பொருளை அவள் அறியவில்லை. விரல் அசைவுகளை விளையாட்டாகவே திருப்பிச் செய்தாள். குவளையையும் அதிலுள்ள நீரையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டாள். ஏப்ரல் 5ஆம் நாள், ஆனி அவளை அடிகுழாய்க்கு அழைத்துச் சென்று, ஒரு கையில் குளிர்ந்த நீர் பாய்ந்து வழிய, மறு கையில் நீர் என்னும் சொல்லை எழுதினார். குழந்தை அசையாமல் நின்றாள். கையில் வழிவதற்குப் பெயர் உண்டு, எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்பது அவளுக்கு விளங்கிற்று. தரையைத் தொட்டுப் பெயர் கேட்டாள்; குழாயைக் கேட்டாள்; இறுதியில் ஆசிரியையின் பெயரையும் கேட்டாள். அன்று காலையில் சினத்தால் உடைத்த பொம்மையின் துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டவைக்க முயன்றாள். முதன்முதலாக அவளுக்கு வருத்தம் என்பது உண்டாயிற்று.

உலகம் அந்தக் குழாயடியையே அதிசயம் எனப் பேசுகின்றது. என் எண்ணத்தில் அதற்கு முந்திய ஒரு திங்களும் அதே அளவு பெரியது. கரண்டியும் துணியும் பாசிமணியும் பழக்கிய கையில்தான் அந்தச் சொல் வந்து விழுந்தது.

அதன்பின் ஆனி கையாண்ட முறையை ஆசிரியர்கள் ஊன்றிப் பார்த்தல் நலம். குறித்த நேரத்தில் நாற்காலியில் அமர்த்திப் பாடம் சொல்வதை அவர் கைவிட்டார். வீட்டிலிருந்த 15 திங்கள் குழந்தையொன்று, பிறர் பேசக் கேட்டுக் கேட்டே மொழியை அறிவதைக் கண்டார். அவ்வாறே நாள் முழுதும் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசினார். டென்னசி ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, மண்ணால் மலையும், கூழாங்கற்களால் அணையும் தீவும் அமைக்கச் செய்து நிலநூல் கற்பித்தார். ஹெலன் அதைப் பாடமென்றே அறியாள், விளையாட்டென்றே எண்ணினாள். மணிகளைக் கோத்து எண்ணக் கற்றாள். பொரிக்கும் தறுவாயிலுள்ள முட்டையைக் கையில் ஏந்தி, உள்ளிருந்து குஞ்சு ஓட்டைக் கொத்துவதை உணர்ந்தாள். பால்மரம் வெட்டப் பழகுபவனுக்கு யாரும் நூலைப் படித்துக் காட்டுவதில்லை; கத்தி பிடித்த கையின்மேல் மூத்தவர் தம் கையை வைத்தே பட்டையின் ஆழத்தை உணர்த்துவர். ஆனியின் பள்ளியும் அத்தகையதே. அவ்வாண்டு கோடைக்குள் ஹெலன் வரிப்பள்ளமிட்ட அட்டையின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் கடிதம் எழுதினாள்.

பின்னர் நடந்தவற்றை ஹெலனின் வரலாற்றில் விரிவாகக் காணலாம். 1900ஆம் ஆண்டில் ஹெலன் ராட்கிளிப் கல்லூரியில் சேர்ந்தார். விரிவுரைகளை ஆனி அருகிலமர்ந்து கையில் எழுதிக் காட்டினார். மேடெழுத்தில் கிடைக்காத நூல்களைத் தம் நலிந்த கண்களால் பல மணி நேரம் படித்துக் கூறினார். மருத்துவர் எச்சரித்தும் நிறுத்தவில்லை. 1904ஆம் ஆண்டில் ஹெலன் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். அத்தனை வகுப்பிலும் உடன் இருந்த ஆசிரியைக்குப் பட்டம் ஏதும் இல்லை.

1905ஆம் ஆண்டில் ஜான் மேசி என்னும் எழுத்தாளரை ஆனி மணந்தார், அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. வருவாய்க்காக ஆசிரியையும் மாணவியும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினர். 1920ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பல்சுவை நாடக மேடைகளிலும் தோன்றினர். கல்விமான்கள் சிலர் முகம் சுளித்தனர். வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே! இதற்கிடையே பழைய கண்நோய் விடவில்லை. 1929ஆம் ஆண்டில் வலக்கண்ணை அகற்ற நேர்ந்தது. டெம்பிள் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் வழங்க முன்வந்தபோது, தமக்கு அத்தகுதி இல்லையென முதலில் மறுத்து, 1932ஆம் ஆண்டில்தான் ஏற்றார். இறுதிக் காலத்தில் அவர் பார்வை முற்றிலும் மறைந்தது.

1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், நியூயார்க்கின் பாரஸ்ட் ஹில்ஸ் பகுதியிலிருந்த இல்லத்தில் ஆனி அம்மையார் தம் 70ஆம் வயதில் உயிர் நீத்தார். அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 32 ஆண்டுகள் கழித்து, 1968ஆம் ஆண்டில் ஹெலன் கெல்லர் மறைந்தபோது, அவருடைய அஸ்தியையும் அங்குக் கொண்டுவந்து, அவருடைய ஆசிரியையின் அருகே வைத்தனர்.