குப்பைமேட்டில் கிடைத்த வைத்தியர்: ஜீவகர் சரிதம்



உடற்பிணிக்கு மருந்தும் உளப்பிணிக்குத் தருமமும் ஆகிய இரண்டும் மனிதனுக்கு வேண்டும் என்பதைத் தம் வாழ்வினாலேயே விளக்கியவர் ஜீவகர். ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முன் மகத நாட்டில் வாழ்ந்த இவ்வைத்தியரின் சரிதத்தை விநய பிடகம் விரித்துரைக்கின்றது. அதனைச் சுருக்கி ஈண்டு எழுதுகின்றோம்.

இராஜகிருக நகரில் சாலவதி என்னும் கணிகை ஈன்ற ஆண்மகவு, பழைய முறமொன்றில் இடப்பட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட்டது. அவ்வழியே சென்ற அபய இளவரசர், காக்கைகள் சூழ்ந்திருப்பதைக் கண்டு, கிடப்பது யாதெனவும் அதற்கு உயிருண்டோ எனவும் வினவினார். உயிருண்டு என்றனர். அவ்விடையே குழந்தைக்கு ஜீவகன் என்ற பெயராயிற்று. இளவரசரின் அரண்மனையில் வளர்ந்தமையால் கோமாரபச்சர் என்ற பெயரும் சேர்ந்தது.

வயது வந்தபின் தமக்கென ஒரு தொழில் வேண்டுமென்று கருதிய ஜீவகர், இந்நாளில் பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்துக்குச் சென்று ஏழாண்டுகள் வைத்தியம் பயின்றார். முடிவில் ஆசிரியர், நகரைச் சூழ ஒரு யோசனை தூரம் தேடி மருந்துக்கு உதவாத பூண்டு ஏதேனும் இருப்பின் கொணருமாறு ஏவினார். ஜீவகர் வெறுங்கையோடு திரும்பினார். மருந்தாகாத பூண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. கல்வி நிறைவெய்தியதென ஆசிரியர் விடை கொடுத்தார். பயனற்றதென்று எறியப்பட்ட பிள்ளையே, பயனற்ற பூண்டு ஒன்றேனும் இல்லையெனக் கண்டதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

திரும்பும் வழியில் சாகேத நகரில், ஏழாண்டுகள் தலைநோயால் வருந்திய செட்டியின் மனைவிக்கு மருந்திட்டுக் காய்ச்சிய நெய்யை மூக்கின் வழியே செலுத்திக் குணப்படுத்தினார். பெற்ற பொருளனைத்தையும் தம்மை வளர்த்த அபயரின் முன் வைத்தார், அவரோ ஏற்கவில்லை. பின்னர் பிம்பிசார மன்னரின் பவுத்திர நோயைப் பூச்சுமருந்தால் தீர்த்து அரச வைத்தியரானார்.

இராஜகிருகத்துச் செட்டி ஒருவரின் கபாலத்தைத் திறந்து சிகிச்சை செய்ய நேர்ந்தபோது, இரு பக்கமும் மல்லாந்தும் ஏழேழு மாதம் படுக்க வேண்டுமென முன்னரே உறுதி வாங்கினார். நோயாளி ஒவ்வொரு நிலையிலும் ஏழு நாளுக்குமேல் பொறுக்கவில்லை. எனினும் அம்மூன்று வாரங்களிலேயே குணமடைந்தார். ஏழு நாளென்றே கூறியிருப்பின் அத்தனை நாளும் படுத்திரார் என்பதை ஜீவகர் அறிந்திருந்தார். நாடியை மட்டுமன்றி மனத்தையும் பிடித்துப் பார்த்தவர் அவர்.

வைசாலியில் நல்லுணவு மிகுந்து பிக்ஷுக்கள் உடல் கனத்து நோயுறக் கண்டு, உலாவுதற்கு நடைமேடையும் வியர்வை வாங்கும் வெப்ப அறையும் அனுமதிக்க வேண்டுமென்று பகவானிடம் விண்ணப்பித்தார். பகவானும் இசைந்தார். மருந்தின்றி நடையும் வியர்வையுமே சிகிச்சையாயின.

ஆயினும் இவர் செய்த மிகப்பெரிய வைத்தியம் யாதெனில், பிம்பிசாரரின் மகனுக்குச் செய்ததேயாம். தந்தையைக் கொன்று அரியணை ஏறிய அஜாதசத்துரு, ஒரு பௌர்ணமி இரவில் மன அமைதி நாடி, யாரிடம் செல்லலாமென்று அமைச்சரை வினவினான். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆசிரியரைக் கூற, ஜீவகர் மௌனமாயிருந்தார். தாம் பிணிதீர்த்த மன்னரைக் கொன்றவனே எதிரில் இருந்தான். எனினும் அரசன் வினவியதும், தமது மாந்தோப்பில் தங்கியிருந்த பகவானிடம் செல்லுமாறு கூறி, அந்நள்ளிரவிலேயே உடன் சென்றார். தோப்பின் நிசப்தம் கண்டு அரசன் தன்னைக் காட்டிக் கொடுக்கின்றனரோ என நடுங்கியபோது, அஞ்சாது செல்லுமாறு தேற்றினார். பகவானின் திருமுன் அரசன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சரணடைந்தான். தந்தை மாண்ட நாள்முதல் நீங்கிய உறக்கம் அதன்பின் மீண்டதென உரைநூல் கூறும். செய்த வினை மறையவில்லை. அதனைத் தாங்கும் மனம் மட்டும் தெளிந்தது.

கபாலத்தைத் திறக்க வல்ல கையால் குற்றமுள்ள நெஞ்சைத் திறக்க இயலாதென ஜீவகர் அறிந்திருந்தார். தம் எல்லையை அறிந்து, அதற்கப்பால் நோயாளியைக் கைபிடித்து அழைத்துச் சென்றமையே அவர் பெருமை.

நாமோ மனம் கலங்கினோரைப் பேய் பிடித்தவரென மறைத்து வைக்கின்றோம். ஆலையில் நூல் நூற்ற நாட்களில், உறக்கமின்றித் தவித்த தோழர்கள் தாயத்துக்கே கூலியைச் செலவிடக் கண்டோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் தடுப்பினும் நம் அச்சம் நீங்கினாலன்றிச் சங்கிலி முற்றும் அறுபடாது.

ஆகவே, நோயுற்றாரை மருத்துவரிடம் சேர்ப்பீர். மனம் நொந்தாரின் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பீர். தியானம் மருந்துக்கு மாற்றன்று. மருந்தும் அன்புக்கு மாற்றன்று. பிறப்பு நோக்கியும் குற்றம் நோக்கியும் எவரையும் குப்பையில் எறியாதிருப்பதே ஜீவகருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

சகல ஜீவர்களும் நோயற்று வாழ்வாராக!