ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணாக்கருள் பெரும்பாலோர் அதனைப் பரீட்சைக்குரிய பாடம் என்று மட்டுமே கருதிச் சூத்திரங்களை நெட்டுருச் செய்வர். அச்சாஸ்திரமோ கண்ணாற் கண்டும், கையாற் செய்தும், மனத்தால் ஆராய்ந்தும் அறியத்தக்கது. இவ்வுண்மையைப் பள்ளிப் பருவத்திலேயே உணர்ந்து, பின்னர் உலகம் போற்றும் நிலையை அடைந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது அவ்வூர். தந்தையார் உழுதொழில் புரிந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை வாய்ந்தவர். ஆதலின் மைந்தருக்கும் இலக்கியச் சுவை இளமையிலேயே வாய்த்தது. தொடக்கக் கல்வியைச் சொந்த ஊரிலும், அதன் பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கற்றார்.

ஆங்குப் பயிலுங்கால், ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விதியை ஆசிரியர் கற்பித்து, பொருள்களின் அடர்த்தியை அளத்தற்கு ஒரு கருவியைத் தாமே அமைத்துவருமாறு மாணாக்கரைப் பணித்தார். கிருஷ்ணன் அமைத்த கருவி, ஆங்கில நாட்டு அறிஞர் நிக்கல்ஸன் என்பார் நெடுங்காலத்துக்கு முன் அமைத்த மிதவைமானியை ஒத்திருந்தது. அதன் தத்துவம் எளிது. நீரில் நிமிர்ந்து மிதக்கும் கலம் ஒன்றின் மேலும் கீழும் இரண்டு தட்டுக்கள் உண்டு. காம்பில் இட்ட குறிவரையில் கலம் அமிழும்படி மேல்தட்டில் எடை வைக்கவேண்டும். பின்னர் அத்தட்டிலேயே பொருளை வைத்தால், எவ்வளவு எடையை நீக்கவேண்டுமோ அதுவே பொருளின் எடை. அப்பொருளை நீருக்குள் இருக்கும் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், மீண்டும் சிறிது எடை சேர்த்தாலன்றிக் கலம் குறிவரை அமிழாது. அவ்வாறு சேர்த்தது, பொருள் விலக்கிய நீரின் எடை. முன்னதைப் பின்னதால் வகுக்க, நீரைக் காட்டிலும் அப்பொருள் எத்தனை மடங்கு அடர்ந்தது என்பது விளங்கும். நூலிற் கண்டு செய்வதினும் தானே எண்ணிக் காண்பது எத்துணைப் பெரிது!

பள்ளியிறுதிக்குப் பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், அப்பால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். தாம்பரத்துக்கு 1937-ஆம் ஆண்டில் மாறிய அக்கல்லூரி, அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. பட்டம் பெற்றபின் அங்கேயே இரசாயனப் பகுதியில் செய்முறை விளக்குநராக அமர்ந்தார். பகலுணவு வேளையில் மாணாக்கரைக் கூட்டி, பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றில் எந்த ஐயத்தையும் தடையின்றி வினவ இடங்கொடுத்தார். அக்கூட்டத்தின் சிறப்பைக் கேள்வியுற்றுப் பிற கல்லூரி மாணாக்கரும் வந்து கூடினர்.

1920-ஆம் ஆண்டில் ஸி. வி. இராமனிடம் பயிலக் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923 முதல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928-இன் தொடக்கத்தில், கொள்கை ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனைச் சோதனைக்கூடத்துக்கு மீளுமாறு இராமன் தூண்டினார். இருவரும் சூரிய ஒளியை ஒரு நிறவடிகட்டியின் வழியாகத் திரவங்களிற் செலுத்தினர். அதன்வழி வரும் ஒளியை முற்றும் மறைக்கும் மற்றொரு வடிகட்டியைக் கண்ணெதிரே வைத்தபோதும், சிதறிய ஒளி புலப்பட்டது. ஒளியின் ஒரு பகுதி, மூலக்கூறுகளாற் சிதறும்போது நிறம் மாறுகின்றது என்பது தெளிவாயிற்று. அறுபதளவான திரவங்களில் இதனைக் கண்டு, இருவரும் கையொப்பமிட்ட கட்டுரை நேச்சர் இதழில் 1928 மார்ச்சு 31-இல் வெளிவந்தது.

1930-இன் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. உடனுழைத்தார் மனம் தளர்வதற்கு இது போதிய காரணமே. எனினும் கிருஷ்ணனின் உழைப்பு ஓயவில்லை. 1928-இன் இறுதியிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றிருந்த அவர், படிகங்களின் காந்த குணம் திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளக்கும் முறைகளை வகுத்தார். அவை அவருக்குத் தனிப்புகழை ஈட்டின. 1933-இல் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1940-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1942 முதல் அலகாபாத்தில் பேராசிரியராக விளங்கினார். 1946-இல் ஸர் பட்டம் வந்தது. புதுடில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராகி, அதனை நிலைநிறுத்தினார். 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் முதன்முதல் வழங்கப்பெற்ற பட்நாகர் பரிசும் பெற்றார். 1961 ஜூன் 14-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவ நண்பர்காள்! வத்திராயிருப்பை ஒத்த ஊர்கள் நம் நாட்டிற் பலவுள. தர்மபுரியை அடுத்த நல்லம்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மேல்நிலை வகுப்பிற் பௌதிகம் பயிலும் இளைஞர், தம் ஊர் சிறிதென்றும் கருவிகள் குறைவென்றும் உளந்தளர வேண்டா. மிதப்பு விதி எல்லா ஊர் நீருக்கும் ஒன்றே. பாடத்தை ஒப்பித்து அமையாது, ஒரு கலத்தை நீரில் இட்டு, அது ஏன் இவ்வளவே அமிழ்கின்றது என்று தாமே வினவத் தொடங்குவாராயின், கிருஷ்ணன் நடந்த வழியில் முதலடியை அவர் எடுத்துவைத்தவராவர்.