பீரங்கியால் தண்ணீர் காய்ச்சியவர்

குழந்தைகளே! தச்சர் மரத்தில் துளை போடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மீன்சுருட்டியில் ஒரு தச்சுப் பட்டறை உண்டு. நிலைச்சட்டத்தில் துளை போட்டு முடித்ததும், "கம்பியைத் தொடாதே" என்று தச்சர் பொடியன்களை விரட்டுவார். தொட்டால் விரல் சுட்டுவிடும். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

இதே கேள்வியைக் கேட்டவர் ரம்ஃபோர்டு பிரபு. இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753 மார்ச் 26ல் அமெரிக்காவில் வோபர்ன் என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். 13 வயதில் சேலம் என்ற ஊரில் கடை வேலைக்குச் சேர்ந்தார். (நம் சேலம் இல்லை, அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது!) அங்கே வாணவெடி செய்யப் போய் உடம்பைச் சுட்டுக்கொண்டார். பிறகு என்னைப் போலவே கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர்.

அமெரிக்கா விடுதலைக்குப் போராடியபோது இவர் இங்கிலாந்தின் பக்கம் சேர்ந்தார். மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டுவிட்டு 1776ல் லண்டன் போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் மூளை இருக்கிறதே, அபாரம்!

பின்னர் ஜெர்மனியின் பவேரியாவில் பெரிய அதிகாரியானார். மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களுக்கு வேலை கொடுத்து, வயிறு நிறைய சூப்பும் கொடுத்தார். அங்கேதான் பீரங்கி செய்யும் பட்டறையையும் மேற்பார்த்தார்.

அந்தக் காலத்தில் பீரங்கியை உருளையாக வார்த்து, பிறகு நடுவில் குடைவார்கள். குதிரைகள் உருளையைச் சுழற்றும், துளைக்கருவி அசையாமல் நின்று குடையும். குடையக் குடைய உலோகம் கொதித்தது. வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம், சுரண்டும்போது வெளியே கசிகிறது என்றுதான் அப்போது பல அறிஞர்கள் நம்பினார்கள்.

ரம்ஃபோர்டு யோசித்தார். குதிரில் இருக்கும் நெல்லை அள்ளிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துபோகும் அல்லவா? வெப்பமும் அப்படித் தீர வேண்டுமே! வேண்டுமென்றே மழுங்கிய கருவியை எடுத்தார். பித்தளை உருளையை மரப்பெட்டிக்குள் வைத்து, சுமார் 8.5 லிட்டர் தண்ணீர் ஊற்றினார். குதிரைகள் சுற்றின. உருளை நிமிடத்துக்கு 32 சுற்றுதான் சுழன்றது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் 107 டிகிரி ஃபாரன்ஹீட். கடும் காய்ச்சல் மாதிரி! இரண்டரை மணி நேரத்தில் தளதளவென்று கொதித்தேவிட்டது. நெருப்பில்லாமல் தண்ணீர் கொதித்ததைப் பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள்.

உலோகத் தூள் கொஞ்சம்தான் உதிர்ந்தது. சூடோ நிற்கவே இல்லை. அப்படியானால் அது ஒளிந்திருந்த பொருள் அல்ல, உராயும் அசைவிலிருந்து பிறப்பது என்றார். 1798ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை அறிவித்தார். உடனே எல்லாரும் ஏற்கவில்லை. 1840களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் அளந்து காட்டிய பிறகுதான் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டார்கள். அதைப் பார்க்க ரம்ஃபோர்டு இல்லை. 1814ல் பாரிஸ் அருகே காலமாகியிருந்தார்.

இந்தப் பீரங்கிக் கதை போன வருடம் எனக்கு எங்கே நினைவுக்கு வந்தது தெரியுமா? பல் டாக்டரின் நாற்காலியில்! விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியம் திருகைப் பொருத்தினார்கள். இதை இம்பிளான்ட் என்பார்கள். எலும்பு வளர்ந்து திருகை இறுகப் பற்றினால்தான் பல் நிற்கும். துளைக்கும்போது எலும்பு சூடாகிவிட்டால்? 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடும் என்று 1980களில் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களிடம் சோதித்துக் கண்டார்கள். நம் உடம்புச் சூடே 37 டிகிரி. இடைவெளி வெறும் பத்து டிகிரிதான்! எலும்பு செத்துவிட்டால் திருகு ஆடிப்போகும்.

அதனால் மழுங்கிய துளைக்கம்பியை டாக்டர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என் டாக்டரும் கூர்மையான கம்பியால், விட்டு விட்டுத்தான் துளைத்தார். பக்கத்தில் குளிர்ந்த உப்புநீர் பீச்சிக்கொண்டே இருந்தது. நானோ வாயைப் பிளந்தபடி, மியூனிக்கில் சுற்றிச் சுற்றி வந்த அந்தக் குதிரைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.