சோலோனும் நகரத்தார் சட்டமும்

நகரத்துக்குரிய சட்டத்தை ஆக்குவோர் யாவர்? சபையில் அமர்ந்திருப்போரே என்று நம்மிற் பெரும்பாலோர் விடை கூறுவர். தெருவின் அகலம், கிணற்றின் இடைவெளி, சந்தையின் ஒழுங்கு முதலியவற்றை வரையறுக்கும் விதிகள் மேலிருந்து இறங்கி வருவன என்றும், அவற்றுக்கு அடங்கி நடத்தலோ, மீறித் தண்டம் இறுத்தலோ மட்டுமே குடியிருப்போர் பங்கு என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். உயர்வகுப்பிலே யான் வரலாற்றுக் கதைகளை எடுத்துரைக்கும்போது, சட்டம் செய்தல் நம் தொழிலன்றே என்று மாணாக்கர் பலமுறை என்னிடம் கூறியதுண்டு. அவர்க்கு யான் சொல்லிவருவது ஏதென்ஸ் நகரத்துச் சோலோனின் சரிதம்.

அக்காலக் கிரேக்க தேசத்தில் நகரமே நாடு. நகரத்துச் சட்டமே நாட்டுச் சட்டம். அத்தகைய ஏதென்ஸிலே கி. மு. 640 ஆம் ஆண்டளவிற் சோலோன் பிறந்தார். குடியோ தொல்குடி, செல்வமோ நடுத்தரம். தந்தையார் பிறர்க்கு ஈந்து பொருளைக் குறைத்துக்கொண்டமையால், மைந்தர் இளமையிலே கடல் கடந்து வாணிகஞ் செய்தார் என்று புளூட்டாக் எழுதுகின்றார். சோலோன் புலவருமாவர். ஏதென்ஸ் நகரத்துப் புலவருள் நமக்குப் பாடல்கள் எஞ்சியிருப்போரில் மிகப் பழையவர் அவரே.

அவர் முதன்முதலிற் சட்டத்தோடு எதிர்ப்பட்டது ஆக்குவோராகவன்று. அதனால் வாய்கட்டப்பட்ட குடிமகனாகவே. சலாமிஸ் என்னும் தீவுக்காக மெகாராவுடன் நெடும்போர் செய்து சலித்த ஏதென்ஸ் மக்கள், அத்தீவைப்பற்றி இனி எவரேனும் பேசினால் மரண தண்டனை என்று விதி செய்திருந்தனர். அவ்விதி தவறென்று கருதியோர் பலர். வாய் திறந்தோர் இலர். சோலோன் பித்துக்கொண்டார்போல நடித்து, சந்தை வெளிக்கு ஓடி, தாம் இயற்றிய நூறு அடிப் பாடலைக் கூட்டத்தின் முன் பாடினாராம். பித்தனைத் தண்டிப்பார் யார்? பாட்டைக் கேட்ட மக்கள் விதியை நீக்கினர் என்பது புளூட்டாக் கூறும் கதை. கதையின் ஒவ்வோர் உறுப்பும் அவ்வண்ணமே நிகழ்ந்ததோ அன்றோ, தவறான விதியை மாற்றும் முயற்சி சபைக்கு வெளியேயும் தொடங்கலாம் என்னும் உண்மை அதனுள்ளே இருக்கின்றது.

அந்நாளில் ஏதென்ஸ் பிளவுபட்டுக் கிடந்தது. நிலம் சிலர் கையிலே. கடன் பலர் தலையிலே. கடன் இறுக்க மாட்டாதோர் தம் உடலையும் மக்களையும் ஈடாக வைத்து அடிமையாயினர். பிற தேசத்துக்கு விற்கப்பட்டோரும் உளர். கி. மு. 621 ஆம் ஆண்டளவிலே திராக்கோன் எழுதிய சட்டங்களோ சிறு களவுக்கும் கொலைத்தண்டம் விதித்தன. இரு திறத்தாரும் கைகலக்கும் நிலை வந்தபோது, இருவராலும் நம்பப்பட்ட சோலோனைக் கி. மு. 594 இல் ஆட்சித்தலைவராக்கி, சட்டஞ் செய்யும் முழு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்புவித்தனர். அவர் கடன்களை நீக்கினார். உடலை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதைத் தடுத்தார். விற்கப்பட்டோருட் பலரை மீட்டார். கொலைபற்றியன தவிரத் திராக்கோனின் சட்டங்களை ஒழித்தார்.

இங்கே ஒரு செய்தியை வாசகர் ஊன்றி நோக்கல் வேண்டும். கடன் நீக்கம் வெளிப்படுமுன்னரே அதனைச் சோலோனின் வாய்மொழியால் அறிந்த நண்பர் சிலர், விரைந்து பெருங்கடன் வாங்கி நிலம் வாங்கினராம். விதி வெளிவந்ததும் கடன் போயிற்று, நிலம் நின்றது. பழி சோலோன் மேல் வந்தது. அவர் தாம் பிறர்க்குக் கொடுத்திருந்த ஐந்து தாலந்துக் கடனையும் கைவிட்டே அப்பழியினின்று நீங்கினார். நல்ல நோக்கமுள்ள சட்டமும் மறைவில் உருவாகுமானால், அறிந்த சிலர்க்கே அறுவடையாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

சோலோனின் சட்டங்களில் நகர வாழ்வின் சிறு காரியங்களும் இடம்பெற்றன. கிணற்று நீரால் வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு அவை இனிக்கும். நான்கு ஸ்தாதியம், அஃதாவது ஏறக்குறைய 700 மீற்றர் எல்லைக்குள் பொதுக்கிணறு இருப்பின் அதனையே பயன்படுத்தல் வேண்டும். அதற்கு அப்பாலுள்ளோர் தாமே கிணறு தோண்டல் வேண்டும். பத்துப் பாகம் தோண்டியும் நீர் காணாவிடின், அயலார் கிணற்றில் நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு ஏறத்தாழ 20 லீற்றர் கொள்ளும் குடமொன்று நிறைய, நீர் அள்ளும் உரிமை உண்டு. மரம் நடுவோர் அயலார் காணியினின்று ஐந்தடி விலகி நடுக. அத்தியும் ஒலிவமுமாயின் ஒன்பதடி விலகுக. தேன்கூடு வைப்போர் முன்னரே வைத்தவரினின்று முந்நூறடி தள்ளி வைக்க. இவ்விதிகள் முயன்றும் நீர் பெறாதவனுக்கு உதவுகின்றன, முயலாதவனுக்கு உதவவில்லை. அயலார் வழக்குகளைக் கேட்டறிந்த ஒருவராலன்றி இத்தகைய அளவுகளை வகுத்தல் இயலாது என்பது என் துணிபு.

இனி, குடிமக்களுக்கு அவர் திறந்த வாயில்களைக் காண்போம். நில வருவாயை அளவாகக் கொண்டு மக்களை நான்கு வகுப்பாக்கிய அவர், உயர் பதவிகளைச் செல்வர்க்கே வைத்தாரேனும், கடைவகுப்பாரான கூலிமக்களும் பேரவையில் இருக்கவும் நீதிமன்றத்தில் அமரவும் இடமளித்தார். இது முதல் வாயில். தீங்குற்றவன் வலியற்றவனாயின் அவன் பொருட்டு விரும்பிய எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம் என்றார். இது இரண்டாவது. அதிகாரியின் தீர்ப்பு ஒவ்வாதெனின் மக்கள் மன்றத்துக்கு முறையிடலாம் என்றார். இது மூன்றாவது. சட்டங்களை மரப்பலகைகளில் எழுதுவித்துச் சுழலும் சட்டகங்களிற் பொருத்தி யாவரும் காண வைத்தார். இது நான்காவது. ஊர் இருபிளவுபட்ட வேளையிலே எப்பக்கமும் சாராது ஒதுங்கியிருப்பவன் குடியுரிமை இழப்பான் என்றும் ஒரு விதி செய்தார் என்பர். ஒதுங்கியிருத்தலைப் பெருமையாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க.

சட்டம் வெளிவந்த பின் சோலோனின் வாயிலில் நாள்தோறும் கூட்டம். ஒருவர் புகழ்வார், ஒருவர் பழிப்பார், மற்றொருவர் இதனைச் சேர்க்க, அதனை நீக்க என்பார். தாம் அங்கிருக்குமளவும் அது சோலோனின் சட்டமேயன்றி நகரத்தின் சட்டமாகாது என்று உணர்ந்தார் போலும். அவர் கப்பலேறி எகிப்து, சைப்பிரஸ் முதலிய இடங்களிற் பத்தாண்டு திரிந்தார். அப்பத்தாண்டும் சட்டத்தை மாற்றுவதில்லை என்று நகரத்தார் சூளுரைத்திருந்தனர் என ஹெரோடோட்டஸ் கூறுகின்றார். கொடுங்கோலராகும் வாய்ப்புத் தாமே கைக்கு வந்தும் அதனைத் தள்ளி நடந்த அச்செயலே அவர் வாழ்வின் சிகரம் என்பேன்.

ஆயின் முடிவு இனியதன்று. முதுமையில் அவர் காண நேர்ந்தது பிசிஸ்திராத்தஸ் என்னும் உறவினனின் எழுச்சி. அவன் தன்னுடலைத் தானே காயப்படுத்திக்கொண்டு, பகைவர் தாக்கினர் என்று சந்தைவெளியில் முறையிட்டான். அவனுக்குத் தடியேந்திய மெய்காப்பாளரை அளிக்கும் பிரேரணையை அரிஸ்தியோன் என்பவன் கொணர்ந்தான். சோலோன் எழுந்து தடுத்தார், கேட்பார் இலர். மக்களே கைதூக்கி நிறைவேற்றினர். கி. மு. 561 அளவில் அக்காவலரைக் கொண்டே அவன் கோட்டையைப் பிடித்தான். முதியவர் தம் படைக்கலங்களை வீட்டு வாயிலில் மாட்டி, தம்மால் இயன்றதைச் செய்துவிட்டதாக உணர்த்தி அமைந்தார். கூடி முடிவு செய்வதனால் மட்டும் முடிவு நன்றாகிவிடாது. ஆராயாது தூக்கிய கை தன் உரிமையையே கொடுத்துவிடும்.

ஏதென்ஸ் இப்பாடத்தை மறக்கவில்லை. கி. மு. 508 இல் கிளைஸ்தெனிஸ் ஊர்தோறும் மக்களைப் பதிந்து ஐந்நூற்றுவர் சபையை அமைத்தார். கி. மு. 403 இன் பின் புதுச்சட்டம் முன்மொழிவோர், வரைவை வெண்பலகையில் எழுதி நகரின் நடுவே வீரர் சிலைகளின் முன் வைத்தல் வேண்டும் என்றாயிற்று. பேரவையில் அது வாசிக்கப்படும். நீக்கக் கருதிய பழஞ்சட்டத்துக்காக வாதிட ஐவர் தெரியப்படுவர். முறைகேடாக முன்மொழிந்தவன் மேல் எக்குடிமகனும் வழக்கிடலாம். சோலோனின் நண்பர் கள்ளமாகப் பெற்ற முன்னறிவு இவ்வாறு ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று. பெண்டிர், அடிமைகள், வேற்றூரார் ஆகியோர்க்கு அவ்வாயில்கள் இறுதிவரை அடைபட்டே இருந்தன என்னும் குறையையும் மறைத்தல் ஆகாது. அக்குறையைப் பிற்காலத்து உலகம் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டு வருகின்றது.

ஆதலின், நகரத்தின் விதியில் நமக்குள்ள பங்கு வாக்களிக்கும் ஒரு நாளோடு முடிவதன்று. வரைவு ஒட்டப்பட்ட பலகையின் முன் நின்று வாசித்தலும், ஐயம் வினாவுதலும், அயலான் இடரைத் தன் இடராகக் கொண்டு முறையிடுதலும், தீமை கைதூக்கலுக்கு வரும்போது மறுத்து நிற்றலும் அப்பங்கேயாகும். வாயில் திறந்திருந்தும் உட்புகுவார் இல்லையேல், பலகையில் எழுதிய சட்டமும் மரத்துண்டேயாம் என்பதை இளைஞர்கள் உளங்கொள்வார்களாக.