மாண்டிசோரி அம்மையார்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றிய நாடு நம் நாடு. அக்கண்களைத் திறத்தற்குச் சிறு குழந்தையின் கையே முதற் கருவியாம் என்பதனைச் செயலால் நிலைநாட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இந்நாளில் அவர்தம் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பல, மிகுந்த பொருள் செலுத்தவல்லார் மக்களுக்கே உரியனவாய் நகரங்களில் விளங்குகின்றன. ஆயின் அம்முறை வேரூன்றியதோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேயாம். ஆதலின், கலவை முதல் ஆம்பூர் வரையுள்ள ஊர்களில் வாழும் நமக்கு அவரது வரலாறு அயலார் வரலாறு அன்று.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் மிக அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது கற்று, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய சிறாரைப் பேணும் பணி பின்னர் அவருக்கு வாய்த்தது. இட்டார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்தம் நூல்களை ஆராய்ந்து, தொட்டும் அடுக்கியும் பொருத்தியும் பயிலும் வழியை அச்சிறாரிடம் கையாண்டார். அவருட் சிலர் ஏனைய சிறார் எழுதும் தேர்விலேயே தேறினர். கண்டோர் வியந்தனர், அம்மையாரோ, குறையற்ற சிறாரை அந்நிலையிலேயே நிறுத்தி வைத்த பள்ளிகளின் குறை யாதென எண்ணலாயினார்.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் கிட்டியது. உரோமை நகரின் சான் லோரென்சோ என்னும் பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காப்பாரின்றித் திரிந்த சிறார்க்கென ஓர் இல்லம் திறக்கப்பெற்றது. குழந்தைகள் ஏறக்குறைய ஐம்பதின்மர். எழுத்துகளை முன்போல் மரத்திற் செய்விக்க இயலாமையால், அம்மையார் உப்புத்தாளை எழுத்து வடிவாக வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை இரு விரல்களால் அவ்வெழுத்தை எழுதும் திசையிலேயே தடவும். தடவுங்கால் அதன் ஒலியையும் சொல்லும். இங்ஙனம் கண்ணும் காதும் விரலும் ஒருங்கே கற்றன. சில திங்கள் கழிந்தபின், எழுதுமாறு ஒருவரும் பணியாதிருக்க, குழந்தைகள் தாமே சுண்ணக்கட்டியால் தரையில் எழுதத் தொடங்கினர். இல்லாமை காரணமாகப் பிறந்த உப்புத்தாள் எழுத்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

கணக்கிற்கும் இவ்வாறே பொருள்கள் அமைந்தன. பத்துச் சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை படிப்படியாக நீளும் பத்துக் கோல்களை வரிசைப்படுத்தும் குழந்தை, எண்ணின் பெருக்கத்தைக் கையால் உணரும். சுழி முதல் ஒன்பது வரை இலக்கமிட்ட அறைகளில் அவ்வவ் வெண்ணுக்குரிய குச்சிகளை இடும்போது, சுழியின் அறை வெறுமையாய் நிற்கும். இன்மையே சுழி என்பது சொல்லாமலே விளங்கும்.

பாசிச ஆட்சியோடு பிணங்கித் தாய்நாட்டைத் துறந்த அம்மையார், 1939ஆம் ஆண்டு தமது அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பிற்கிணங்கி மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். உலகப் பழிக்கு அஞ்சிக் குழந்தைப் பருவத்திற் பிறரிடம் வளர்க்கப்பட்டுப் பின் தாயை அடைந்த அம்மகனை மீண்டும் பிரிதல் எத்துணைத் துயராயிருந்திருக்கும்! அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று அவர் விடுவிக்கப்பெற்றார். கோடைக்கானலில் 1942 முதல் 1944 வரை தங்கிய அம்மையார், ஆங்கும் சிறார் பள்ளியொன்றை நடத்தித் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஆலந்து நாட்டில் இயற்கை எய்தினார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம் பகுதியிலும், தோல் பதனிடும் சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் கழனிக்கும் பெற்றோர் செல்ல, பகற்பொழுதைத் தனித்துக் கழிக்கும் சிறார் உளர். அவர்க்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக் கற்ற மரபு நம்முடையது. பல்லாங்குழியில் காய்களை எண்ணியிட்ட கைகள் நம் பாட்டிமாருடையவை. உப்புத்தாளில் வெட்டிய அகரமும், ஒரு சாண் முதல் பத்துச் சாண் வரை நறுக்கிய மூங்கிற் கோல்களும், பத்துக் கொட்டாங்கச்சிகளும், நாற்பத்தைந்து புளியங்கொட்டைகளும் இருப்பின் கலவையின் எத்திண்ணையும் பள்ளியாகும். சுழிக்குரிய கொட்டாங்கச்சியை வெறிதே விட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை இட்டு முடிக்கையில் கொட்டை மிஞ்சினாலும் குறைந்தாலும், குழந்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். அதட்டுதற்கு இடமே இல்லை. மிகச் சிறியோர் கொட்டையை வாயிலிடாவண்ணம் பெரியோர் ஒருவர் அருகிருத்தல் மட்டும் இன்றியமையாதது.

தமிழ்நாட்டரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஆடலும் செயலுமாகக் கற்பித்தலையே வழியாகக் கொண்டது. எனினும் குழந்தை பள்ளி வாயிலை அடையுமுன் கழியும் ஆண்டுகள் வீட்டாருடையனவும் அண்டை அயலாருடையனவும் ஆம். கல்லூரியிற் பயிலும் நாம் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், மாலையில் ஒரு நாழிகை நம் தெருச் சிறாருடன் அமர்வோமாயின், அம்மையாரின் முறை தான் பிறந்த எளியோர் வாயிலுக்கே மீண்டு வரும்.