பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்த கண்டியின் சித்தி லெப்பை

1957இல் அமெரிக்காவின் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பாடசாலைக்குள் நுழைய இராணுவப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. அங்கே வழிமறித்து நின்றவர்கள் பிறர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் முஸ்லிம்களின் நிலை வேறு. பாடசாலைகள் திறந்திருந்தன. பிள்ளைகளை அனுப்ப மறுத்தவர்கள் நாமே. அந்த மறுப்பை மாற்றப் பாடுபட்டவர் அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை.

1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்த அவர், அரபு, தமிழ், ஆங்கிலம் கற்றுச் சட்டத்தரணியானார். வசதியாக வாழ்ந்து போயிருக்கலாம். ஆனால், ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலம் தெரியாத சமூகம் அரச பதவிகளிலும் தொழில்களிலும் பின்தங்குவதைக் கண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

பெற்றோரின் அச்சம் வீணானதல்ல. அன்றைய ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே போனால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பயந்தார்கள். சித்தி லெப்பை அந்தப் பயத்தை ஏளனம் செய்யவில்லை. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் பயத்துக்கு இடமிருக்காது என்று கருதினார்.

1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வியின் அவசியத்தை வாரந்தோறும் எழுதினார். அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. அவர் தளரவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார் போன்றோருடன் சேர்ந்து மருதானையில் ஒரு மத்ரஸாவை ஆரம்பித்தார். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். ஆண்பிள்ளையையே அனுப்பத் தயங்கிய காலத்தில் அது எத்தனை துணிச்சல்!

1898 பெப்ரவரி 5ஆம் திகதி, 59 வயதில் அவர் வபாத்தானார். ஸாஹிராவின் வளர்ச்சியைக் காண அவருக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

தூரம், உடை, சூழல் என்று காரணம் சொல்லி மகளின் படிப்பை நிறுத்த இன்றும் சிலர் எண்ணுகிறோம். அந்தக் காரணங்களில் உண்மையும் இருக்கலாம். ஆனால், காரணம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் இருத்துவது அவர் காட்டிய வழியல்ல. தடை எதுவோ அதை நீக்க ஊர் கூடி உழைப்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பணி.

அல்லாஹ் அன்னாரின் சேவைகளை ஏற்று, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.